அப்பா பேசவில்லை

என் பிள்ளைகளை நான் ஒருநாளும் பேசியதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது, திட்டித் தீர்ப்பது. சாதாரணமாக ஒருவரோடொருவர் சொல்லிக்கொள்வதெல்லாம் எங்களுக்குக் கதைப்பது. "அப்பா பேசுவார்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது எதையோ உடைத்துப்போட்டுப் பயந்து நிற்கிறது என்று அர்த்தம். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினேழு வயது, இளையவளுக்கு ஒன்பது. இரண்டு பேரும் அந்த வசனத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் அப்பா பேசுவார். கரவெட்டியில் எங்கள் ஒழுங்கையின் மற்றத் தொங்கலில், கடைசி வீட்டில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிப் பேசுவார். கிணற்றுக்குள் வாளி விழுந்தாலும் பேச்சு, ஆடு கயிற்றை அறுத்தாலும் பேச்சு. அடுத்த நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் என்னைக் கண்டால், "நேற்று என்ன பிழை விட்டனீ?" என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போகும். பெரியவனானால் இப்படி ஒரு தகப்பனாக இருக்க மாட்டேன் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன். கோபம் எனக்கும் வரும், அவருடைய மகன்தானே. ஆனால் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். சின்னப் பிழைக்கு ஒரு நாள், பெரிய பிழைக்கு மூன்று நாள். கத்தமாட்டேன், கை ஓங்கமாட்டேன். இதைவிட நல்ல அப்பா எங்கே கிடைப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஆனி மாதக் கடைசியில் மூத்தவள் செய்த வேலைக்கு மூன்று நாள் போதவில்லை.

அவள் சாதாரண தரப் பரீட்சையில் எட்டு ஏ எடுத்தவள். நான் விவசாயப் போதனாசிரியர். வலிகாமத்துத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிளில் சுற்றி, எந்தப் பயிருக்கு என்ன வருத்தம், அதற்கு என்ன மருந்து என்று பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். அவள் உயர்தரத்தில் உயிரியல் படிப்பாள், வைத்தியத்துக்குப் போகாவிட்டாலும் விவசாயத்துக்காவது போவாள் என்று நானே தீர்மானித்து, நானே சந்தோசப்பட்டு, ஊருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அவளும் மாட்டேன் என்று என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு காலை உரக்கடையில் நிற்கிறேன். அவளுடைய பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் என்னைக் கண்டு, "மகள் கலைப்பிரிவுக்கு வாறா எண்டு கேள்விப்பட்டு எங்களுக்கு நல்ல சந்தோசம்" என்றார். தமிழ், புவியியல், நாடகமும் அரங்கியலும். விண்ணப்பத்தில் தாயின் கையெழுத்தாம். பக்கத்தில் நாலு தோட்டக்காரர் மருந்துப் போத்தலோடு நின்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். "ஓம் ஓம், நான்தான் விருப்பமானதைப் படியும் எண்டு விட்டனான்" என்று பல்லைக் காட்டினேன். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்ததற்குத்தான் எனக்குக் கூடுதலான கோபம்.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டினேன். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே விசயம் வெளியில் வந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியிருக்கும். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் போனது. ஒரு கிழமை போனது. அதற்குப் பிறகு எங்கே தொடங்குவது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. கையெழுத்து வைத்த மனைவியோடும் கோபம்தான். ஆனால் நாங்கள் இருப்பது தெல்லிப்பழையில் அவளுடைய சீதன வீடு. அதற்குள் இருந்துகொண்டு அவளோடு முகத்தை நீட்டிக்கொண்டிருக்க ஒரு எல்லை உண்டு.

மூத்தவளுக்குச் சொல்ல வேண்டியதை இளையவள் மூலமாகச் சொன்னேன். "அக்காவைக் கேள், தண்ணி மோட்டரை நிப்பாட்டினவவோ எண்டு." அக்கா இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். இளையவள் திரும்பி, "அக்கா, மோட்டரை நிப்பாட்டினனீங்களோ எண்டு அப்பா கேக்கிறார்" என்பாள். அக்கா "ஓம் எண்டு சொல்லு" என்பாள். "ஓமாம்." முதலில் அவளுக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. பிறகு அலுத்துவிட்டது. நான் வாயைத் திறந்ததும், "அக்காவுக்குக் கேட்டிட்டுது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அந்த நாட்களில் மூன்று தரம் தண்ணீர்த் தாங்கி நிரம்பி முற்றமெல்லாம் வெள்ளம். மோட்டரைப் போட்டது மூத்தவள். நான் ஒரு சொல் பேசவில்லை. என் பொறுமையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆவணி விடுமுறை தொடங்கிய அன்று மனைவி ஒரு சட்டம் போட்டாள். அவள் தாதி. வார்டில் நோயாளர், நோயாளரைப் பார்க்க வருபவர் எல்லாரையும் ஒரு பார்வையில் வரிசைப்படுத்துகிறவள். நான்கு மணிக்குத் தேத்தண்ணி குடித்ததும் போன்கள் எல்லாம் சமையலறை அலுமாரிக்கு மேலே போய்விட வேண்டும். நான்கு பேரும் விறாந்தையில் இருந்து ஒரு நாவலை நாளுக்கு ஒரு அத்தியாயமாக வாசித்து முடிக்க வேண்டும். ஆள்மாறி ஆள் சத்தமாக வாசிப்பது.

"நானுமோ?" என்றேன்.

"ஓம், நீங்களுந்தான். வாசிக்கிறது கதைக்கிறதில்லையப்பா. உங்கடை விரதம் முறியாது."

நாவல் வீட்டிலேயே இருந்தது. போன வருடம் யாழ்ப்பாணப் புத்தகக் கண்காட்சியில் இளையவளுக்கென்று நான் வாங்கிக்கொண்டுவந்தது. அவளுக்கென்று வாங்கினேன் என்பது வெளியில் சொல்கிற கதை. பத்து வயதில் பள்ளிக்கூட வாசிகசாலையில் எடுத்து ஐந்து தரம் வாசித்த புத்தகத்தின் புதிய பதிப்பைக் கண்டதும் விலையைக்கூடப் பார்க்காமல் எடுத்தேன். அட்டைதான் வேறு. உள்ளே அதே மொழிபெயர்ப்பு, அந்தக் காலத்தில் சென்னையில் யாரோ செய்தது, ஒரு எழுத்தும் மாறாமல் இருந்தது.

ஏதோ ஒரு குளிர்நாட்டுக் கதை. பெரிய ஆறு. ஆட்களை இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஏற்றி இறக்குகிற ஒரு தோணிக்காரன். அவனுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகன். தாய் இல்லை. ஒருநாள் அக்கரையில் கூத்துக்காரர் வந்திருக்கிறார்கள் என்று, மகன் தோணியை அரைகுறையாகக் கட்டிவிட்டு ஓடிவிடுகிறான். அன்றைக்கென்று ஆறு பெருகித் தோணியைக் கொண்டுபோய்விடுகிறது. அவர்களுடைய சீவியமே அந்தத் தோணிதான். அதைத் தேடி மகன் ஆற்றோடு ஆறாக நடந்து போவதுதான் மிச்சக் கதை.

நான் அந்த நாவலில் விழுந்தது தோணியாலோ ஆற்றாலோ இல்லை, அந்தத் தகப்பனால். தோணி போன அன்று நடப்பதைச் சொல்கிற அத்தியாயம் இப்படி முடியும்: "அன்று முதல் அந்த வீட்டில் அப்பா பேசவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை." பத்து வயதில் அதை வாசித்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். ஒரு வாளி விழுந்ததற்கு ஒழுங்கையைக் கூட்டுகிற அப்பா எனக்கு. இவர் ஒரு முழுத் தோணி போயும் பேசவில்லை! அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பையன் ஒரு பீங்கான் தட்டை வேறு உடைக்கிறான். தகப்பன் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போய்ப் படுக்கிறார். அதற்கும் பேசவில்லை. இப்படிப்பட்ட ஒரு மனிதருக்காகப் பையன் நாடு முழுவதும் நடக்க மாட்டானா என்று நினைத்தேன். நானும் ஒருநாள் அந்த மாதிரித் தகப்பனாக வருவேன் என்று, ஒருவருக்கும் சொல்லாமல் எனக்குள் சத்தியம் செய்தேன். கடைசிப் பக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாசிப்பு நல்லாகவே போனது. சோளகக் காற்று பக்கங்களைத் தூக்கிக்கொண்டு போகும், ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் புத்தகத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு வாசிப்போம். இளையவளுக்கு அந்த மொழிபெயர்ப்பு ஒரு வேடிக்கை. "சீக்கிரம்" என்று வந்தால், "கெதியா எண்டு போட்டால் என்னவாம்?" என்பாள். "அவன் அந்த ஊரில் மூன்று நாள் இருந்தான்" என்று வந்த இடத்தில், "மூண்டு நாளும் எழும்பேல்லையோ?" என்று கேட்டாள். எங்களுக்கு இருப்பது என்றால் உட்காருவது. எல்லாரும் சிரித்தோம். மூத்தவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பதைக் கண்டு இரண்டு பேரும் நிறுத்தினோம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மூத்தவள் வாசிக்கிற நாளுக்காக நான் காத்திருந்தேன். நல்ல குரல் அவளுக்கு. தோணிக்காரனுக்கு ஒரு குரல், கூத்துக்காரருக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றி வாசிப்பாள். நாடகமும் அரங்கியலும் படிக்கட்டும் என்று ஒரு கணம் எனக்கே தோன்றும். உடனே உரக்கடை நினைவு வரும். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

தோணி போகிற ஆறாம் அத்தியாயம் அவளுடைய முறைக்கு வந்தது. அன்றைக்கு அவள் குரல் மாற்றாமல், ஒரே சீராக வாசித்தாள். "அன்று முதல் அந்த வீட்டில் அப்பா பேசவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை" என்று முடித்து, புத்தகத்தை மடியில் வைத்தாள்.

"நல்ல அப்பா என்ன? எங்கடை அப்பா மாதிரி" என்றாள் இளையவள்.

நாற்பது வருடத்துக்கு முந்திய சத்தியம் நிறைவேறிவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூத்தவள் புத்தகத்தைப் பார்த்தபடி, "ஓம். எங்கடை அப்பா மாதிரித்தான்" என்றாள். அடடா, பிள்ளைக்கும் என் அருமை தெரிகிறது என்று நினைத்தேன். இவ்வளவு நல்லதாகச் சொல்கிற பிள்ளையோடு இனிக் கதைத்தால்தான் என்ன என்றுகூட யோசித்தேன். பிறகு, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஊசி போடுவதற்கு முதல் பார்க்கிற பார்வை. அதுவும் எனக்கு விளங்கவில்லை.

மிச்ச அத்தியாயங்களில் பையன் நடந்தான். நாங்களும் அவனோடு நடந்தோம். ஒரு ஆலைக்காரன் அந்தத் தோணியைக் கவிழ்த்துப்போட்டு வாத்துக்கூடாக வைத்திருப்பதைக் கண்டுபிடிக்கிறான். கூலிவேலை செய்து அதை மீட்கிறான். மழையிலும் பனியிலும் எதிர்நீரில் துடுப்பு வலித்துக்கொண்டு திரும்பி வருகிறான். பதினாறாவது அத்தியாயம்தான் கடைசி, அது என் முறை. விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தது.

முன்பே சொன்னேன், அந்தக் கடைசிப் பக்கம் எனக்குப் பிடிக்காது என்று. சின்ன வயதில் அதற்கு முதல் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவேன். துறையில் தகப்பன் நிற்கிறார். தோள் முழுக்கப் பனி. மகன் கயிற்றை எறிகிறான். அவர் பிடித்துக் கட்டுகிறார், மகனுக்குக் கை கொடுத்து மேலே ஏற்றுகிறார். கடைசி வரி: "அப்பா பேசினார்." அவ்வளவுதான். தோணியைத் தொலைத்த நாளில் பேசாதவர், பீங்கானை உடைத்தபோது பேசாதவர், உயிரைக் கொடுத்து அதைக் கொண்டுவந்து சேர்த்த நாளில் பேசுகிறார்! எழுதினவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று அப்போது நினைத்தேன். தகப்பனான பிறகு அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்திருந்தேன். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

இளையவளுக்கு வந்ததே கோபம். "உதென்ன முடிவு? தோணியைத் துலைச்சதுக்குப் பேசாத மனிசன், கொண்டந்து குடுத்ததுக்குப் பேசுறதோ?"

"அவன் தேப்பனுக்குச் சொல்லாமல் போனவனெல்லே பிள்ளை" என்றேன். "சொல்லாமல் செய்தால் பேசத்தானே வேணும்." இதை இளையவளுக்குச் சொன்னாலும், யாருடைய காதுக்கென்று சொன்னேன் என்பது விறாந்தையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மூத்தவள் சிரித்துவிட்டாள். சிரித்து, என் முகத்தைப் பார்த்து, நான் பகிடி விடவில்லை என்று கண்டதும் அவளுடைய சிரிப்பு நின்றது. பிறகு தங்கச்சியிடம் திரும்பினாள்.

"அப்பாட்டைச் சொல்லு, அந்த மனிசன் ஏசேல்லை. கதைச்சவர்."

"என்ன?" என்றாள் இளையவள்.

"உது இந்தியாவிலை எழுதின புத்தகம். அங்கை பேசினார் எண்டால் கதைச்சவர் எண்டுதான் அர்த்தம். படங்களிலை கதாநாயகன் 'என்கிட்டப் பேசு, பேசு' எண்டு பின்னாலை திரியிறது, தன்னை ஏசச் சொல்லியோ?"

இளையவள் வழக்கப்படி என் பக்கம் திரும்பி, "அப்பா, அக்கா சொல்லுறா…" என்று தொடங்கினாள்.

"கேட்டது" என்றேன்.

எனக்கு அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு மேடையேறியவன். "பேசாமல் இருங்கோ" என்று பிள்ளைகளை அடக்குகிறவன். இந்தியப் படம் பார்க்காதவனும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வரியை நான் வாசித்தது பத்து வயதில், அப்பாவின் சத்தம் காதில் இரைந்துகொண்டிருந்த வீட்டில். அன்றைக்கு எப்படி விளங்கியதோ அப்படியே அது எனக்குள் இருந்துவிட்டது. பிறகு வந்த தமிழ் எதுவும் அதைப் போய்த் தொடவில்லை.

இளையவள் இதற்குள் விரல் மடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, ஆறாம் அத்தியாயத்திலை பேசேல்லை எண்டால், கதைக்கேல்லையோ? அவனோடை கதைக்காமலே இருந்தவரோ? அவ்வளவு நாளும்?" மடித்த விரல்களை விரித்தாள். "அப்ப உவர் கூடாத மனிசனெல்லோ!" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். முன்பு தான் சொன்னது அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். கதிரையில் கொஞ்சம் சுருங்கிக்கொண்டாள்.

நான் புத்தகத்தைத் திறந்து பின்னுக்குப் போனேன். பீங்கான் உடைகிற இடத்தைத் தேடி எடுத்தேன். பையன் பீங்கானைக் கையில் எடுக்கிறான், தகப்பனின் முதுகைப் பார்க்கிறான், பிறகு கையை விடுகிறான். கையை விடுகிறான் என்றுதான் எழுதியிருக்கிறது. தவறி விழவில்லை. ஐந்து தரம் வாசித்த நான் அதைக் கவனித்ததே இல்லை. ஒரு சொல்லாவது தகப்பனின் வாயிலிருந்து வரட்டும் என்று அந்தப் பிள்ளை பீங்கானை உடைத்திருக்கிறது. வராததால்தான் வீட்டைவிட்டுப் போயிருக்கிறது. எனக்குத் தண்ணீர்த் தாங்கி நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. அப்பா ஒழுங்கைக்குக் கேட்கப் பேசிய நாட்களில் பட்ட வெட்கத்தைவிட இது பெரிய வெட்கம்.

"உங்களுக்கு உண்மையிலையே உது தெரியாதோ?" என்று மனைவி கேட்டாள். இந்த முறை குரலில் பகிடி இல்லை.

"இந்தப் புத்தகத்திலை தெரியேல்லை" என்றேன்.

அவள் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கி எடுத்தாள். "வா, வெங்காயம் உரிக்க ஆள் வேணும்" என்று இளையவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். சமையலுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

விறாந்தையில் நாங்கள் இரண்டு பேர். ஆறு கிழமைக்குப் பிறகு முதல் வார்த்தையாக என்ன சொல்வது? மன்னிப்பா? எங்கள் வீடுகளில் தகப்பன்மார் அதற்குப் பழகவில்லை, எனக்கும் அது வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"மோட்டரை நிப்பாட்டினனீயோ?"

அவளிடம் நேரே கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஓம்" என்றாள்.

"அப்ப முந்தி மூண்டு தரமும் ஏன் வழிய விட்டனீ?"

எனக்குப் பதில் தேவைப்படவில்லை, ஏனென்றால் அந்த ஒரு கேள்வியோடு உள்ளே கிடந்ததெல்லாம் வெளியில் வரத் தொடங்கிவிட்டது. "நாலு சனத்துக்கு முன்னாலை என்னைப் பொய் சொல்ல வைச்சிட்டாய்! உன்ரை அலுவலை நான் உரக்கடையிலை நிண்டோ கேக்கோணும்? என்ன படிக்கிறாய் எண்டு ஊருக்குத் தெரியும், தேப்பனுக்குத் தெரியாது! என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன, கடிச்சே சாப்பிட்டிருப்பன்?" என் வாயிலிருந்து வந்தது அப்பாவின் குரல். அதே ஏற்றம், அதே இழுவை. பக்கத்து வளவில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த மனுசி வாளியை வைத்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். என் வாழ்க்கையில் முதல் தரமாக என் பிள்ளையை நான் பேசினேன். நல்லாகவே பேசினேன்.

அவள் அழுதாள். ஆனால் எழுந்து போகவில்லை, காதைப் பொத்தவுமில்லை. கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்டுக்கொண்டு இருந்தாள்.

"சொல்லியிருப்பனப்பா" என்றாள் நான் மூச்சு வாங்கிய இடத்தில். "சொன்னால் நீங்கள் கதைக்காமல் விட்டிடுவியள் எண்டு பயந்துதான் சொல்லேல்லை."

அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"முடியேல்லை. மிச்சம் நாளைக்கு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த முறை ஒருவரும் நிறுத்தவில்லை. பிறகு, எப்படியிருக்கிறது என்று பார்ப்பதுபோல, அதையும் இதையும் கதைத்தோம். நாடகத்துக்கு யார் படிப்பிக்கிறார், புவியியலுக்கு எந்தப் புத்தகம் என்று கேட்டேன். அவள் சொன்னாள். நான் என் பங்குக்கு, இந்த வருடம் வெங்காயத் தாள் எல்லா இடமும் முறுகி மஞ்சளிக்கிறது என்றேன்.

"தெரியும்" என்றாள். "தாளிலை ஈரம் இருக்கேக்கை மருந்தடிக்கக் கூடாது. வருத்தம் பிடிச்ச வெங்காயக் கண்டைப் பிடுங்கி வரம்பிலை போடாமல் எரிக்கோணும்."

"உது எப்பிடி உனக்குத் தெரியும்? நீ கலைப்பிரிவெல்லோ."

வெங்காயத் தோட்டக்காரர்களுக்கென்று போனில் ஒரு குழு வைத்திருக்கிறேன். எழுதிப்போட்டால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்று, காலையில் அலுவலகத்தில் இருந்து நானே சொல்லிப் பதிந்து அனுப்புவேன். எங்கள் வளவிலும் நாலு பாத்தி நட்டிருப்பதால் மனைவியும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

"அம்மாவின்ரை போனிலை நீங்கள் போடுறதெல்லாத்தையும் கேக்கிறனான்" என்றாள் மூத்தவள். "உங்கடை குரலைக் கேக்கத்தான். தொடங்கேக்கை ஒவ்வொரு நாளும், 'வணக்கம், எல்லாரும் சுகமா இருக்கிறியளோ?' எண்டு கேப்பியளெல்லே? நான் ஓம் எண்டு சொல்லுறனான்."

அந்தக் கேள்வியை நான் ஊர் முழுவதற்கும் கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருவரும் அதற்குப் பதில் போட்டதில்லை. நேரே மருந்தின் பெயரைத்தான் கேட்பார்கள். பதில் சொன்ன ஒருத்தி என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.